நளினி டாக்டரும் சீவரத்து அம்மாவும்

மாட்டுப் பொங்கல் அன்னிக்கு எங்க ஊர் பழையசீவரத்துக்குக் காஞ்சிபுரத்திலிருந்து வரதர் பார்வேட்டைக்கு வருவார். மலை மேல இருக்கிற மண்டபத்துல இருந்துட்டு, அப்புறம் இறங்கி பாலாத்தைத் தாண்டி திருமுக்கூடல் போவார். வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்துச் சொந்தம் எல்லாம் அன்னிக்கு எங்க வீட்லதான். இந்த வருசம் அந்தக் கூட்டத்துக்கு நடுவுல என் பொண்ணு ஒரு வீடியோ எடுத்தா. பத்தாவது படிக்கிறா. தலையில துண்டைப் போட்டுக்கிட்டு, எங்க அம்மா எப்படிப் பேசுவாங்களோ அப்படியே பேசிக் காட்டினா. 'இன்னாடி இது துணி', 'பொட்டப் புள்ள இன்னாத்துக்கு இந்நேரத்துக்கு போனைப் புடிச்சிக்கினு', 'மார்க்கு எவ்ளோ' - இப்படி. கூடத்துல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். நல்லாத்தான் பண்ணியிருந்தா.

அம்மா சமையல்கட்டு நிலைப்படியில நின்னு பார்த்துட்டு இருந்தாங்க. அவங்களும் சிரிச்ச மாதிரிதான் இருந்தது. ராத்திரி எல்லாரும் கிளம்பினப்புறம், பாத்திரம் கழுவிக்கிட்டே என்கிட்ட கேட்டாங்க: "ஏன்டா, நான் அப்பிடியா பேசறேன்?"

என்கிட்ட பதில் இல்ல. 'ஆமா'ன்னு சொன்னா மனசு கஷ்டப்படும். 'இல்ல'ன்னு சொன்னா பொய். இந்தப் பதிவு அந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பிச்சது.

நான் சினிமா படிச்சவன் இல்ல. இருபது வருசத்துக்கு மேல மென்பொருள் எழுதிச் சாப்பிடறவன். கல்வெட்டு, ஏரி, பழைய கணக்குன்னு இந்த வலைப்பதிவுல நான் போடற குறிப்புகளோடு இது ஒட்டாது. ஆனா ஒரு விஷயம் மண்டைக்குள்ள ஏறிட்டா அதைப் பிரிச்சுப் பார்க்காம இருக்க முடியறதில்ல. அதனால பொங்கலுக்கு அப்புறம் 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடரை முதல்லேர்ந்து திரும்பப் பார்த்தேன். கடைசிப் பாதியை அம்மாவோட உட்கார்ந்து பார்த்தேன். அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

பார்க்காதவங்களுக்கு

2020 ஏப்ரல்ல, ஊரடங்கு நேரத்துல, நெட்ஃபிளிக்ஸ்ல வந்த தொடர். 2023 வரைக்கும் நாலு சீசன். கலிஃபோர்னியாவில ஷெர்மன் ஓக்ஸ்ங்கிற இடத்துல இருக்கிற ஒரு தமிழ்க் குடும்பம். தேவி விஸ்வகுமார்னு பதினஞ்சு வயசுப் பொண்ணு. அவ அம்மா நளினி, தோல் டாக்டர். அப்பா மோகன், பொண்ணோட பள்ளிக்கூடக் கச்சேரியில உட்கார்ந்திருக்கும்போதே மாரடைப்பு வந்து இறந்துடறார். கூடவே கால்டெக்ல ஆராய்ச்சி படிக்கிற உறவுக்காரப் பொண்ணு கமலா. கதையைச் சொல்ற குரல் டென்னிஸ் வீரர் ஜான் மெக்கன்ரோவோடது. தேவிக்கும் அவரை மாதிரியே மூக்கு மேல கோவம்.

உருவாக்கினவங்க மிண்டி கேலிங்கும் லேங் ஃபிஷரும். மிண்டியோட அப்பா தமிழர், அம்மா வங்காளி. 'தி ஆஃபிஸ்' தொடர்ல 2006-ல வந்த தீபாவளி எபிசோடை எழுதினதும் மிண்டிதான். அதுல அவங்க பாத்திரத்தோட அப்பா அம்மாவா நடிச்சது அவங்களோட நிஜ அப்பா அம்மா. தேவியா நடிச்ச மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாவில பொறந்த ஈழத்தமிழ்ப் பொண்ணு. ஆயிரக்கணக்கானவங்க விண்ணப்பிச்ச ஒரு பொதுத் தேர்வுல கிடைச்ச வாய்ப்பு அது.

தொடர் வந்தப்போ நம்ம ஆளுங்க ரெண்டு கட்சியாப் பிரிஞ்சாங்க. 'கடைசியா நம்மளையும் திரையில காட்டினாங்க'ன்னு ஒரு கட்சி. 'அதே பழைய கண்டிப்பான அம்மா, அதே மார்க்கு, அதே வரன் பார்க்கிறது'ன்னு இன்னொரு கட்சி. ரெண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாங்க: இந்த அம்மா நிஜமா, பொய்யா? எனக்கு அந்தக் கேள்வியே தப்புன்னு படுது. என் பொண்ணு பண்ணின மிமிக்ரியில ஒரு வார்த்தை கூடப் பொய் இல்ல. ஆனாலும் அம்மாவுக்கு அது வலிச்சது. நிஜமா இருக்கிறது மட்டும் போதாது. அப்போ வேற எது வேணும்?

மூணு சோதனை

நிரல்ல பிழை வந்தா நாங்க செய்யற வேலை, ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்திப் பார்க்கிறது. அதையே இங்கயும் செஞ்சேன். ஒரு நகைச்சுவைக் காட்சியை எடுத்துக்கிட்டு மூணு கேள்வி.

ஒண்ணு: அந்தப் பாத்திரத்தோட உச்சரிப்பை மாத்திட்டா சிரிப்பு மிஞ்சுமா?

ரெண்டு: சிரிக்கிறவங்க யாரு? உள்ளே இருக்கிறவங்களுக்காகச் சொல்ற நகைச்சுவையா, வெளியே நிக்கிறவங்களுக்கு விளக்கிச் சொல்ற நகைச்சுவையா?

மூணு: கிண்டல் செய்யப்படற பெரியவங்க திரும்ப ஒரு அடி கொடுக்க முடியுதா? அவங்களுக்குன்னு ஒரு கதை இருக்கா, இல்ல பிள்ளைங்க கதையில முட்டுக்கட்டையா மட்டும் நிக்கறாங்களா?

முதல்ல சுலபமான ஆளு. 'தி சிம்ப்ஸன்ஸ்'ல 1990-லேர்ந்து வர்ற அபு. கடைக்காரர். அவருக்குக் கம்ப்யூட்டர் சயன்ஸ்ல டாக்டர் பட்டம் உண்டுன்னு தொடரே சொல்லுது. யாருக்கு அது ஞாபகம் இருக்கு? ஞாபகம் இருக்கிறது குரல் மட்டும்தான். அந்தக் குரலைக் கொடுத்தவர் ஹேங்க் அஸேரியாங்கிற வெள்ளைக்காரர். அமெரிக்காவில பள்ளிக்கூடத்துல படிச்ச இந்தியப் பிள்ளைங்க அந்தக் குரலால பட்ட பாட்டை ஹரி கொண்டபோலு 2017-ல ஒரு ஆவணப்படமாவே எடுத்தார். 2020-ல, இனி அந்தக் குரலைக் கொடுக்கப் போறதில்லன்னு அஸேரியா சொன்னார். அபு முதல் சோதனையிலயே விழுந்துட்டார். உச்சரிப்பை எடுத்துட்டா பாதிக் காட்சிகள்ல ஒண்ணும் மிஞ்சாது.

இப்ப எதிர்ப்பக்கம். 'குட்னஸ் கிரேஷியஸ் மீ'. பிபிசி வானொலியில தொடங்கி 1998-ல தொலைக்காட்சிக்கு வந்தது. சஞ்சீவ் பாஸ்கர், மீரா சியால், குல்விந்தர் கிர், நீனா வாடியா நாலு பேரும் இந்திய வம்சாவளி பிரிட்டன் நடிகர்கள். உலகத்துல எதைச் சொன்னாலும் அது இந்தியாவிலேர்ந்து வந்ததுதான்னு சாதிக்கிற ஒரு அப்பா அதுல வருவார். என் பிள்ளைதான் பெரியவன்னு மாத்தி மாத்திப் பீத்திக்கிற அம்மாக்கள் வருவாங்க. உச்சரிப்பு எல்லாம் கனமாத்தான் இருக்கும். ஆனா அந்த அப்பாவை அப்படியே சீவரத்துக்குக் கூட்டிட்டு வாங்க. உச்சரிப்பு இல்லாம, தமிழ்லயே பேசவிடுங்க. 'எல்லாத்தையும் நம்ம முன்னோர் அப்பவே கண்டுபிடிச்சுட்டாங்க'ன்னு வாட்ஸ்அப்ல தினமும் காலையில அனுப்பற பெரியப்பா உங்க வீட்ல இல்லையா? சிரிப்பு மிஞ்சுது. அது உச்சரிப்புல இல்ல, ஒரு மனுசனோட வீம்புல இருக்கு. ரெண்டாவது சோதனையிலயும் தேறுது. யாருக்கும் எதையும் அவங்க விளக்கல. தெரிஞ்சவன் சிரி, தெரியாதவன் கத்துக்கோன்னு விட்டுட்டாங்க. அதே தொடர்ல இந்தியக் கூட்டம் ஒண்ணு இங்கிலீஷ் ஓட்டலுக்குப் போய் ரகளை பண்ற காட்சி இன்னும் ஒரு படி மேல. கறி சாப்பிட வந்து குடிச்சுட்டுக் கலாட்டா பண்ற வெள்ளைக்காரங்க மேல கண்ணாடியைத் திருப்பினது அது.

நடுவுல ஒண்ணு இருக்கு. கனடாவோட 'கிம்ஸ் கன்வீனியன்ஸ்', 2016 முதல் 2021 வரை. கொரியக் குடும்பம், மளிகைக் கடை. அதுல அப்பாவை 'அப்பா'ன்னுதான் கூப்பிடறாங்க, கொரிய மொழியிலயும் அதே சொல்தான். தமிழ்க் காதுக்கு முதல் தடவை கேட்கிறப்போ தூக்கிவாரிப் போடும். அந்த அப்பாவோட உடைஞ்ச இங்கிலீஷ் சிரிப்பு மூட்டும். அவருக்கு ஜப்பான் கார்னா ஆகாது. பைத்தியக்காரத்தனமாத் தெரியும், கொரியா 1910 முதல் 1945 வரை ஜப்பான் ஆட்சியில கிடந்ததுன்னு தெரியற வரைக்கும். வீட்டை விட்டுப் போன மகனோட அவர் வருசக்கணக்காப் பேசாம இருக்கிறதும் தொடரோட நடுத்தண்டு. மூணாவது சோதனையில தேறிடறார். ஆனா தொடர் முடிஞ்சப்போ, மகனா நடிச்ச சிமு லியு, எழுத்தாளர் அறையில ஆசியக் குரல்கள் போதுமா இல்லன்னு வெளிப்படையா எழுதினார். திரையில ஆள் இருந்தா மட்டும் போதாது, பேனா யார் கையிலங்கிறது வேற கணக்கு.

நளினி எங்க நிக்கிறாங்க?

முதல் சோதனையில நளினி தடுமாறறாங்க. நடிச்ச பூர்ணா ஜெகன்னாதன் நிஜத்துல அப்படிப் பேசறவர் இல்ல. நளினியோட இங்கிலீஷ் என் காதுக்குத் தமிழ் டாக்டரோட இங்கிலீஷாக் கேட்கல. எந்த ஊரும் இல்லாத பொது 'இந்திய' இங்கிலீஷ். சில காட்சிகள்ல அதட்டலோட சிரிப்பு முழுக்க அந்த இழுப்புலதான் தொங்குது.

ரெண்டாவது சோதனையில இன்னும் மோசம். முதல் சீசன்ல 'கணேஷ் பூஜை' எபிசோடு. தமிழ் வீட்ல யாரு அப்படிச் சொல்றா? பிள்ளையார் சதுர்த்தி. பள்ளிக்கூட மண்டபத்துல பட்டுப் புடவை, வம்பு பேசற ஆன்ட்டிகள், ஆட்டம் பாட்டம் எல்லாம் இருக்கு. அம்மாகிட்ட இந்தக் காட்சியைத் தனியாப் போட்டுக் காட்டினேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "கொழுக்கட்டை எங்கடா?" எருக்கம்பூ மாலை எங்கன்னு கேட்க வாய் திறந்தாங்க, விட்டுட்டாங்க. மெக்கன்ரோவோட குரல் வந்து ஒவ்வொண்ணையும் வெள்ளைக்காரங்களுக்கு விளக்கிட்டே போகுது. விளக்கறதுக்கு வசதியா எல்லாத்தையும் பொதுவாக்க வேண்டியிருக்கு. பொதுவாக்கினதும் ஊர் காணாமப் போயிடுது.

ஆனா அதே எபிசோடுல ஒரு பொம்பளை வர்றாங்க. முஸ்லிமைக் கல்யாணம் பண்ணி, விவாகரத்தும் ஆகி, சொந்த சனத்தால ஒதுக்கப்பட்டவங்க. யாரும் பக்கத்துல உட்காரல. கமலாகிட்ட மனசு விட்டுப் பேசறாங்க. அது சிரிப்புக்கு இல்ல. அந்த ஒரு காட்சிக்காக நான் அந்த எபிசோடை மன்னிச்சேன். நம்ம கூட்டம் எப்படி ஒருத்தரை மரியாதையாவே வெளியே நிறுத்தும்ங்கிறது அமெரிக்காவுல கத்துக்கிட்ட விஷயம் இல்ல.

மூணாவது சோதனையிலதான் தொடர் எழுந்து நிக்குது. தேவியும் நளினியும் மோதற பெரிய சண்டையில, 'அப்பாவுக்குப் பதிலா நீ செத்திருக்கலாம்'ங்கிற அர்த்தத்துல தேவி சொல்லிடறா. அந்த வார்த்தைக்கு அப்புறம் 'கண்டிப்பான ஆசிய அம்மா'ங்கிற அச்சு அங்கயே உடையுது. நளினிக்குப் பொண்ணை அடக்கறது வேலை இல்ல. ரெண்டு பேர் இழுத்த வண்டியைத் தனியா இழுக்கிறது வேலை. மோகன் செல்லம் கொடுப்பார், நளினி கண்டிப்பாங்க. அது அவங்களுக்குள்ள இருந்த பங்கீடு. ஒரு பக்கம் போனதும், கண்டிப்பு மட்டும் மிச்சம். வெளியிலேர்ந்து பார்க்கிறவனுக்கு அது கலாச்சாரம் மாதிரி தெரியும்.

இதை நான் முதல் தடவை பார்த்தப்போ கவனிக்கல. சொன்னது அம்மா. ரெண்டு எபிசோடு பார்த்துட்டு, "அந்தம்மா பாவம்டா. அழக் கூட நேரம் இல்ல"ன்னாங்க. எங்க அப்பா போனப்போ நான் காலேஜ் ரெண்டாம் வருசம், தங்கச்சி பத்தாவது. அதுக்கு அப்புறம்தான் அம்மா 'மார்க்கு எவ்ளோ'ன்னு கேட்க ஆரம்பிச்சாங்க. அதுவரைக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டது அப்பா. என் பொண்ணு மிமிக்ரி பண்ணின அந்த வரி, எங்க அம்மாவோட வரியே இல்ல. அவங்க சுமந்துக்கிட்டு வந்த வரி.

நாம மட்டும் யோக்கியமா?

இதுவரைக்கும் எழுதினதைப் படிச்சா, தப்பு முழுக்க அமெரிக்காக்காரன் மேலன்னு தோணும். அப்படி இல்ல.

நளினியோட உச்சரிப்பைப் பத்திக் குறைப்படற நாம, 'தெனாலி'யில (2000) ஈழத்தமிழைக் கேட்டு எப்படிச் சிரிச்சோம்? போர் நடந்துட்டு இருந்த காலம். பயந்து நடுங்கற ஒரு அகதி. அவன் பயத்துக்குக் காரணம் என்னன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் தியேட்டர் சிரிச்சது அவன் பேச்சுக்கு. மைத்ரேயியோட குடும்பம் அந்தத் தீவிலேர்ந்து கிளம்பிப் போன குடும்பம்தான். அவங்க வீட்ல அந்தப் படத்தை எப்படிப் பார்த்திருப்பாங்கன்னு நான் அன்னிக்கு யோசிச்சதே இல்ல. நம்ம படங்கள்ல அடகுக்கடை சேட்டு பேசற உடைஞ்ச தமிழ் நமக்கு எத்தனை வருசமாச் சோறு போட்டிருக்கு? அபு அமெரிக்காவுக்கு என்னவோ, சேட்டு நமக்கு அது.

தொலைக்காட்சிக்கு வந்தா, சன் டிவியோட 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' மாமியார் மருமகள் சண்டையையே சிரிப்பாக்கின தொடர். ஒரு விஷயத்துல அதைப் பாராட்டணும். ரெண்டு பக்கமும் அடி விழும். மாமியார் ஏமாத்துவா, மருமகளும் சளைக்க மாட்டா. யாரும் யாருக்கும் எதையும் விளக்கிட்டு நிக்கல. ஆனா அதுல யாரும் மாறவும் மாட்டாங்க. அடுத்த வாரம் அதே சண்டை.

மாத்தி யோசிச்சது விசு. 1986-ல வந்த 'சம்சாரம் அது மின்சாரம்' படம்தான், தொடர் இல்ல. ஆனா எங்க தலைமுறை அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தது தொலைக்காட்சியிலதான். அம்மையப்ப முதலியார் வீட்டுக்கு நடுவுல கோடு விழுது, மூத்த மகனோட பணத்தகராறுல. ரெண்டு பக்கத்து நியாயமும் கேட்கும். மனோரமாவோட வேலைக்காரி பேசறது மெட்ராஸ் பேச்சுதான், சிரிப்பும் வரும். ஆனா அந்தக் காட்சியில ஜெயிக்கிறது அவங்க. சிரிக்கிறது அவங்களைப் பார்த்து இல்ல, அவங்க கூடச் சேர்ந்து. கடைசியில குடும்பம் ஒண்ணு சேரும்னு எல்லாரும் காத்திருக்கிறப்போ, மருமகள் உமா 'வேண்டாம், தனித்தனியா இருந்து அன்பா இருப்போம்'னு முடிச்சுடறா. எந்தத் தலைமுறைக்கும் வெற்றி இல்ல. இந்த நெட்ஃபிளிக்ஸ் தொடர் வர்றதுக்கு முப்பது வருசத்துக்கு மேல முன்னாடி, மூணு சோதனையிலயும் தேறின படம்.

பாட்டிக்குக் கல்யாணம்

தொடரோட ரெண்டாம் சீசன்ல மோகனோட அம்மா நிர்மலா வந்து சேர்றாங்க. ரஞ்சிதா சக்ரவர்த்தி நடிச்சது. கணவனும் இல்ல, மகனும் போயிட்டான். வழக்கமா இப்படிப்பட்ட பாட்டி சாமி கும்பிட்டு, ஊறுகாய் போட்டு, அப்பப்போ ஒரு ஜோக் விட்டுட்டு ஓரமா உட்கார்ந்திருப்பாங்க. முதல்ல அப்படித்தான் இருக்காங்க. ஆனா நாலாவது சீசன்ல நிர்மலாவுக்கு லென்னு ஒரு அமெரிக்கக் கிழவரோட சினேகம். கடைசி எபிசோடுல கல்யாணமே நடக்குது. தேவிக்குப் பிரின்ஸ்டன் கிடைச்சதை விட எனக்கு அது பெரிய விஷயம்.

அதை அம்மா பக்கத்துல உட்கார்ந்து பார்க்கிறப்போ எனக்குக் கொஞ்சம் கூச்சமா இருந்தது. ஓட்டி விட்டுடலாமான்னு ரிமோட்ல கையை வெச்சேன். அம்மா, "இருடா, பாக்கறேன்"னாங்க. முழுசாப் பார்த்தாங்க. முடிஞ்சதும் சொன்னாங்க: "நல்லாத்தான் கீது. நம்ம சீவரத்துல செஞ்சா ஊரு இன்னா சொல்லும்?"

ஊர் என்ன சொல்லும்னு ரெண்டு பேருக்கும் தெரியும். நான் வேற ஒண்ணை யோசிச்சுட்டு இருந்தேன். ரிமோட்ல கையை வெச்சது ஊர் இல்ல. நான். எனக்கு நாற்பத்தாறு வயசு. தலைமுறை மோதல்னா எப்பவும் பெரியவங்க தடை, சின்னவங்க சுதந்திரம்னு இந்தத் தொடர்கள் சொல்லிக் கொடுத்திருக்கு. இங்க தடை போடப் பார்த்தது பிள்ளை. எங்க அம்மாவுக்கு அப்பா போனப்போ நாற்பத்திரண்டு வயசு. இந்த இருபத்தஞ்சு வருசத்துல, அவங்களுக்கு என்ன வேணும்னு நான் ஒரு தடவை கூடக் கேட்டதில்ல. 'மார்க்கு எவ்ளோ' மட்டும்தான் கேட்கத் தெரிஞ்ச ஆளா அவங்களை நான்தான் நிறுத்தி வெச்சிருந்தேன். என் பொண்ணுக்கு மிமிக்ரி பண்ண வேற வரி கிடைக்காததுக்கு அவ மட்டும் காரணம் இல்ல.

அதனால இந்த வகைத் தொடர்களைப் பத்தி என் முடிவு இது. அச்சுல வார்த்த அப்பா அம்மாவை வெச்சுத் தொடங்கறது தப்பு இல்ல. எல்லா நகைச்சுவையும் அங்கதான் தொடங்கும். எவ்வளவு நேரம் அங்கயே நிக்குதுங்கிறதுதான் கணக்கு. அபு முப்பது வருசம் நின்னார். நளினி கொஞ்ச நேரத்துல நகர்ந்துட்டாங்க. ஊரையும் மொழியையும் தொலைச்ச குறை தொடருக்கு இருக்கு. அதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா ஒரு விதவைத் தாயையும் ஒரு விதவைப் பாட்டியையும் மனுசிகளாப் பார்த்த விஷயத்துல, நம்ம மெகா சீரியல்கள் பல வருசம் பின்னாடி நிக்குது.

பொண்ணுகிட்ட இதையெல்லாம் சொன்னேன். வீடியோவை அழிச்சுடட்டுமான்னு கேட்டா. அழிக்க வேண்டாம், பாட்டிகிட்ட நீயே போய்க் கேளு, அவங்க என்ன சொல்றாங்களோ அதைச் செய்னு சொன்னேன். "கேட்டா என்னப்பா சொல்வாங்க?"ன்னா. "மார்க்கு எவ்ளோன்னு கேப்பாங்க"ன்னேன். சிரிச்சா. அப்புறம் அமைதியாயிட்டா.

முழுப் பரீட்சை முடிஞ்சதும் ஊருக்குப் போறோம்.